தசமப் புள்ளிக்கு ஒரு வாக்கெடுப்பு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு நடந்த ஒரே உருப்படியான காரியம், எங்கள் கிளிங்கான் மொழிக் கழகத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான். செயலாளன் என்ற முறையில் இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

சலவைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அறை. கற்பனை விண்வெளி வீரர்களுக்காக உருவாக்கிய அந்த மொழியைத் தவிர வேறெதுவும் உள்ளே பேசக் கூடாது. (வாசகர் பிழைத்துப் போகட்டும் என்றுதான் இங்கே தமிழில் தருகிறேன்.) அன்றைய பொருள், தசமப் புள்ளியை வாய்விட்டுச் சொல்வது எப்படி என்பது. மேசையில் ஓங்கிக் குத்த வேண்டும் என்றார் பேருந்து நடத்துநர். உறுமினால் போதும் என்றார் மருந்துக்கடைக்காரர். ஆயிரத்துக்குப் போடும் காற்புள்ளியை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தோம். ஒரே நாளில் இரண்டு புரட்சி உடம்புக்கு ஆகாது.

அப்போது தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. கண் செருகி, நாற்காலியிலிருந்து சரிந்தார். சர்க்கரை நோயாளி. மருந்துக்கடைக்காரர் அவர் விரலில் ஊசி குத்தி மீட்டரைப் பார்த்தார். 2.4. மில்லிமோல் கணக்குக் காட்டும் மீட்டர் அது; நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து.

"எவ்வளவு?" என்றேன்.

"ரெண்டு..." என்று இழுத்தார். "நடுவுல இருக்கறதை எப்படிச் சொல்றதுன்னு இன்னும் முடிவாகலையே!"

"உறுமித் தொலைங்க."

"உறுமினா நான் வெளிநடப்பு!" என்றார் நடத்துநர்.

"அப்போ இருபத்துநாலுன்னு சொல்லிடவா?"

பொய்த் தகவலை 'அவைக்குறிப்பில்' ஏற்ற முடியாது என்று கண்டிப்பாக மறுத்துவிட்டேன். உடனே வாக்கெடுப்பு. மூன்றுக்கு மூன்று. விதிப்படி, தீர்ப்பு வாக்கு தலைவருடையது. கையைத் தூக்கும்படி அவர் காதில் மாறி மாறிக் கத்தினோம்.

சத்தம் கேட்டு, கீழே அவருக்காகக் காத்திருந்த அவர் மனைவி மேலே ஓடி வந்தார்.

"அண்ணி, இது உறுப்பினர்களுக்கு மட்டும்..." என்று தடுத்தேன்.

"மனுஷன் உசிருக்குப் போராடுறாரு, ஓட்டா போடறீங்க? தள்ளுங்கய்யா!"

கைப்பையிலிருந்து குளுக்கோஸை எடுத்துக் குழைத்து, அவர் ஈறில் தடவிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் தலைவர் கண் விழித்தார். நாங்கள் கட்டிப்பிடித்து அழுதோம். அண்ணி தண்ணீர் பிடிக்கக் கீழே போனதும் கூட்டம் தொடர்ந்தது.

அறைக்குள் வேற்றுமொழி பேசிய குற்றத்துக்காக, அண்ணியை இனி உள்ளே விடுவதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். முன்மொழிந்தவர் மருந்துக்கடைக்காரர். வழிமொழிந்தவர், உதட்டில் ஒட்டியிருந்த குளுக்கோஸை நக்கியபடி, தலைவர்.