கடல் விழுங்காத எழுத்தாளர்

கப்பல் மூழ்கிப் பிழைத்தவர்களில் இரண்டு இனம் உண்டு. ஒன்று, உடுப்பை மாற்றிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போய்விடும். இன்னொன்று கதை எழுதும். நமக்கு வாய்த்தது இரண்டாவது.

புளோரிடாக் கரையோரம் எந்தத் தங்கும் விடுதிக்கு வேண்டுமானாலும் போங்கள். பொரித்த மீனைத் தொடாமல், யாராவது கடலைப் பற்றி வாய் திறக்கமாட்டார்களா என்று பெருமூச்சோடு ஒருவர் காத்திருப்பார். ஜாக்சன்வில்லில் அவர் பெயர் சைலஸ் வாட்லி. உப்பு வேண்டுமா என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. "உப்பா!" என்று கண்ணை மூடுவார். எல்லார் சாப்பாடும் ஆறிப்போகும். கப்பல் மூழ்கியபின் உயிர்காப்புப் படகில் வந்த பயணம், ஜனவரியில் ஒன்றரை நாளாக இருந்தது, ஈஸ்டருக்குள் நான்கு நாளாயிற்று. இருந்த ஒற்றைச் சுறா ஆறு குட்டி போட்டது.

அவர் எழுதி, பத்திரிகையில் வந்த அந்தக் கதை இப்போது புத்தகமாகப் போகிறது. படகில் கூட இருந்த ஒரே ஆளான, கரையருகே அலையில் செத்துப்போன ஜெத்ரோ ஹோல்கம் அதில் வெறும் 'ஒரு மாலுமி'. அவன் மனைவி கோராதான் விடுதியில் பரிமாறுகிறவள். உடல் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. புருஷன் பெயர் புத்தகத்திலாவது இருக்கட்டும் என்று பாவம், ஆசைப்பட்டாள். கேட்டும்விட்டாள்.

"கலையில பேரெல்லாம் எதுக்கும்மா? அவன் மனுஷ குலத்தோட அடையாளம்!"

"அப்ப அட்டையில உங்க பேரு மட்டும் எதுக்கு சார்?"

மேசையில் கொல்லென்று சிரிப்பு. வாட்லிக்கு முகம் சிவந்துவிட்டது. பத்திரிகையை விரித்து உரக்க வாசித்தார்: "இரவெல்லாம் நானே துடுப்பிழுத்தேன். விடியலில் எதிரே கலங்கரை விளக்கம் எழுந்தது..."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கப்பலாட்கள் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"துடுப்பு போடுறவன் கரைக்கு முதுகக் காட்டித்தானே சார் உக்காருவான்?" என்றாள் கோரா. "எதிர்ல விளக்கு தெரிஞ்சுதுன்னா நீங்க பின்பக்கம் சும்மா உக்காந்து வந்திருக்கீங்க. இழுத்தது எம் புருஷன். ராத்திரி பூரா அவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வந்திருக்கீங்க. அந்த மூஞ்சிக்கு ஒரு பேரு இருந்துச்சு சார்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வாட்லி வெகுநேரம் யோசித்தார். பென்சிலை எடுத்தார். கோரா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'எதிரே' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'திரும்பிப் பார்த்தால்' என்று அழகாகத் திருத்தினார்.

அட பாவி மனுஷா என்கிறீர்களா? என்னோடு சேர்ந்து நன்றாகத் திட்டுங்கள். அப்படியே, நீங்கள் செத்துப் பிழைத்த கதையையும் ஒருமுறை சொல்லுங்கள், கேட்போம். அதில் உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர் யார்? 'யாரோ ஒருத்தர்' தானே?