உச்சிப் பலகையிலிருந்து ஒரு மறுப்பு

அன்புத் தம்பி இல்மரிக்கு, அண்ணன் உர்ஹோ ஆசிகளுடன் எழுதுவது. ஏரிக்கரையில் நானும் உன் அண்ணியும் சுகம். தம்பெரே அடுக்குமாடியில் நீயும், பொத்தானை அமுக்கினால் சூடாகும் உன் மின்சார சவுனா நீராவிக் குளியலறையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன கோடையில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "சவுனாவில உச்சிப் பலகைக்கு ஏற முடியாம, கீழ்ப் பலகையில குழந்தைங்களோட உட்கார்ந்திருக்கியேண்ணே, பேசாம வீட்டை வித்துட்டு டவுனுக்கு வந்துடு" என்றாய். எதை விற்பது? அப்பா கட்டிய சவுனாவையா? நெஞ்சு கொதித்தது. அதனால்தான், எடை குறைவாக, தடவை அதிகமாகச் செய்யும் பயிற்சி எழுபது தாண்டியவர்களுக்கு ஆபத்தில்லாததா, பலன் தருமா என்று எங்கள் சுகாதார நிலையத்தில் சோதிக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். பின்யா என்ற சின்னப் பெண்தான் பயிற்சியாளர். கைக்கொரு தண்ணீர்ப் புட்டியோடு, தொடை கெஞ்சும்வரை நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழ வேண்டுமாம். விறகு பிளந்த கைக்குப் புட்டியா? வீட்டில் நான் தோளில் உருளைக்கிழங்கு மூட்டையோடுதான் செய்தேன். எண்ணிக்கை தவறக் கூடாதென்று உன் அண்ணி ஆவுனேயும் எதிரே நாற்காலி போட்டு, அந்தப் புட்டிகளோடு என்னுடன் உட்கார்ந்து எழுந்தாள், பாவம். வாராவாரம் பின்யா, "எங்கயாவது வலிக்குதா?" என்று கேட்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்த பக்கத்துப் பண்ணை கௌகோவும் "ஒண்ணுமில்ல" என்றான். அத்தனை ஆண்களும் அதையேதான் சொன்னோம். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஒருத்தராவது உண்மையச் சொல்லுங்க பெரியவரே, நான் அறிக்கை எழுதணும்" என்றாள். உண்மைதானே சொன்னோம்? கால் இருப்பதே தெரியவில்லை, அது எப்படி வலிக்கும்? கடைசியில் துளி ஆபத்தில்லை என்றே எழுதிவிட்டாள். எங்கள் ஊர் ஆண்களை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பலன் என்ன என்கிறாயா? இந்தக் கடிதத்தை உச்சிப் பலகையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். யார் கையையும் பிடிக்காமல் ஏறினேன். அடுப்பின் சூட்டுக் கல்லில் தண்ணீர் ஊற்றியதும் ஆவி முகத்தில் அடித்தது. அப்பா உட்கார்ந்த இடம் இது. அழுதுவிட்டேன், ஆவியால் அல்ல. அடுப்பு அணைந்து வெகுநேரமாகிவிட்டது, ஆனாலும் இறங்க மனமில்லை. ஆகவே வீடு விற்பனைக்கு இல்லை. நீயும் குடும்பமும் நோய்நொடியின்றி வாழ்க. நேரம் கிடைத்தால் நீயும் நாலு தடவை உட்கார்ந்து எழுந்து பார்.

இப்படிக்கு,
பலசாலி அண்ணன்
உர்ஹோ

பி.கு.: இல்மரித் தம்பி, அண்ணி ஆவுனே எழுதுகிறேன். தபாலில் சேர்க்கச் சொல்லி இதை மேலேயிருந்து நீட்டினார். இறங்க மனமில்லாமல் இல்லை, கால் மடங்கவில்லை. "வலிக்குதா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். தோளில் போட்டு நான்தான் இறக்கிக் கொண்டுவந்து படுக்க வைத்தேன். எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை. இப்போதெல்லாம் விறகு பிளப்பதும் நான்தான். புட்டியோடு செய்தவளை யாரும் எதுவும் கேட்கவில்லை, அதனால் அறிக்கையில் நான் இல்லை. வீடு விற்பனைக்கு இல்லை என்று எழுதியிருக்கிறாரே, அது மட்டும் சத்தியம். அடுத்த சனிக்கிழமை வாருங்கள், உங்களையும் தூக்கி உச்சிப் பலகையில் உட்கார வைக்கிறேன்.