மாமியாரின் பூனைக்கு ஒரு படம்

பூனையின் மீசைக்கு வலப்பக்கம் ஒரு கோடு இழுத்தாள். இடப்பக்கமும் ஒரு கோடு வந்தது.

"என்னங்க இது?"

"ஓசி சாஃப்ட்வேர். தாராளமா குடுக்குது" என்றான் கணவன், சோஃபாவில் படுத்தபடி.

பூனை மாமியாருடையது. ஒரு வாரம் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஊருக்குப் போயிருந்தார். மறுநாளே அது ஜன்னல் வழியாகப் போய்விட்டது. மாமியார் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார்.

கேமராவைக் கண்டால் ஓடும் பூனை. ஒரு புகைப்படமும் இல்லை. மருந்துக்கடையில் ஒன்பது மணி நேரம் நின்றுவிட்டு வந்து, தெருவில் ஒட்டும் நோட்டீஸுக்காகப் படம் வரையும் மென்பொருளை இறக்கியிருந்தாள்.

இடக்கண்ணைச் சுற்றிக் கறுப்பு வட்டம் போட்டாள். வலக்கண்ணுக்கும் வந்தது. வலதை அழித்தாள். இடதும் போனது.

"ரெண்டும் இருக்கட்டும். அம்மா அவ்வளவு உத்துப் பாக்க மாட்டாங்க."

"அத்தை பாக்கறதுக்கா ஒட்டறோம்? அத்தை வர்றதுக்குள்ள ஒட்டறோம்."

இரண்டு வட்டத்தையும் திரும்பப் போட்டு, வால் வரைந்தாள். இருபுறமும் வால். ஒன்றைக் குறுக்கினாள், மற்றதும் குறுகியது. இரண்டையும் உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டாள்.

விரல் எதன்மீதோ பட்டது. கருவிகள் எல்லாம் மறைந்தன. திரையில் பூனை மட்டும் அவளைப் பார்த்தது.

"என்னத்தத் தொட்ட?"

"தெரிஞ்சா தொடுவேனா?"

மூடித் திறந்தாள். கருவிகள் வந்தன, மூக்கும் வாயும் போயிருந்தன. களைப்பில் ஒரு சின்ன முக்கோணம் போட்டு முடித்தாள்.

'பூனையைக் காணவில்லை' என்று தட்டினாள். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. இருபது பிரதி எடுத்து, பேனாவால் எழுத உட்கார்ந்தாள்.

"காணவில்லைன்னு போட்டு நம்பர் போடு. படம் இருக்கே, பூனைன்னு வேற எழுதணுமா?"

கை ஓய்ந்திருந்தது. 'பூனை' என்று எழுதவில்லை.

ஒட்டும்போது, மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டார். படத்தை நெடுநேரம் பார்த்தார்.

ஐந்து நாளில் ஒரே ஒருவர் அழைத்தார். சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மாலை, மாடிவீட்டுக்காரர் படியில் நின்றார்.

"இன்னும் கிடைக்கலையாம்மா?"

"இல்ல சார். நாளைக்கு எங்க அத்தை வந்துடுவாங்க."

"அடடா. திங்கக்கிழமையிலேருந்து எங்க வீட்ல ஒரு பூனை வந்து உக்காந்திருக்கு. உங்ககிட்ட குடுத்துடலாம்னுதான் நினைச்சேன். ஆனா, ஆந்தை வளக்கற வீட்ல எப்படிம்மா விடறது?"