முதல் தடவையே சரி என்றுவிட்டார்கள்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஹாஜி பயூமி அவர்களுக்கு,

கிஸா, ஃபைஸல் தெரு, நான்காம் மாடியிலிருந்து தங்கள் தங்கை இன்ஸாஃபின் கணவன் ரிஃபாத் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் தங்கள் வலது முழங்காலும் இறையருளால் நலமாக இருக்க வேண்டுகிறேன். பதிலுக்கு நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் மூத்தவரிடம் பொய் சொல்லக் கூடாது. எனக்கு இன்னும் அதிர்ச்சி தெளியவில்லை.

இன்ஸாஃப் இதற்குள் மன்ஸூராவில் தங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பாள். கோபம் வந்தால் அவளுக்கு அண்ணன் வீடுதான். கல்யாணமான நாள் முதல் வேறு எந்த ஊருக்கும் அவள் கோபித்துக்கொண்டு போனதில்லை. நான் அழைத்தால் போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். தங்களை அழைக்கலாம் என்றால், தாங்கள் பேச ஆரம்பித்த பிறகு அடுத்தவர் வாய் திறக்க முடியாது என்பது ஊரறிந்த விஷயம், கோபிக்க வேண்டாம். ஆகவே எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு, பிழை யார் பக்கம் என்று தாங்களே சொல்லி, அவளை எப்படியாவது இங்கே அனுப்பி வைக்க வேண்டும். அவள் இல்லாமல் இந்த வீடு வீடாக இல்லை. தேநீர்கூடக் கசக்கிறது, சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை.

எல்லாம் எதிர் வீட்டு நெர்மீனால் வந்தது. சுற்றுலா வழிகாட்டியாக வேலை பார்க்கிறாளே, அந்தப் பெண். மாடிப்படியில் எங்களைப் பார்த்தவள், "மாமா, நாளைக்கு ஹாலந்துக்காரங்க கோஷ்டி ஒண்ண பிரமிடுக்குக் கூட்டிட்டுப் போறேன். பஸ்ல ரெண்டு சீட்டு சும்மா கெடக்கு, நீங்களும் அத்தையும் வாங்களேன்" என்றாள். நல்ல பெண், மரியாதைக்குக் கூப்பிட்டாள். நாமெல்லாம் எப்படி வளர்ந்தவர்கள்? ஒருவர் கூப்பிட்டால் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவை கையை நெஞ்சில் வைத்து வேண்டாம் என்போம். மூன்றாம் தடவையும் அவர் விடாமல், அல்லாஹ் மேல் ஆணையிட்டுக் கையைப் பிடித்து இழுத்தால்தான் அது அழைப்பு; அதுவரை அது வெறும் மரியாதை. நானும் முதல் "வேண்டாம்மா"வை ஆரம்பித்து "வே" வரைக்கும் வந்திருந்தேன். அதற்குள் பின்னாலிருந்து தங்கள் தங்கை, "எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குப் படியில் கால் வழுக்கியது. நெர்மீன் முகத்தை நான் ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. நம் வீட்டுப் பெண்ணா இப்படி, முதல் தடவையே!

சரி, போனோம். முப்பது வருடம் கிஸா ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டி அறிவித்தவன் நான். ஊரையெல்லாம் அனுப்பி வைத்தேனே தவிர, நான் எங்கும் போனவனில்லை. பிரமிடு எனக்குப் புதிதா? எங்கள் மொட்டை மாடியில் ஏறினால், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் நடுவில் அது தினமும் தெரிகிறது. பஸ்ஸில் ஹாலந்துப் பெண்மணிகள் பத்தொன்பது பேர், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், அவர்கள் ஊரில் ஏதோ பாட்டுக் குழுவாம். தலைவியின் பெயர் வில்லெமைன். நின்றால் பஸ் கூரை தலையில் இடிக்கும். பசித்ததால் நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன். இன்ஸாஃப் தாமியா வடையும் அவித்த முட்டையும் எலுமிச்சை ஊறுகாயும் வைத்திருந்தாள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது பாத்திரத்தைத் திறந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியுமா? முன் சீட்டு வில்லெமைனிடம் பாத்திரத்தை நீட்டி, "வாங்க, சாப்பிடுங்க" என்றேன். அவள் "யா!" என்று இரண்டு வடையை எடுத்துக்கொண்டு, பாத்திரத்தைப் பின்னால் தள்ளிவிட்டாள். அது பஸ்ஸின் கடைசி வரிசை வரை ஊர்வலம் போய்த் திரும்பி வந்தபோது அதில் ஊறுகாய்ச் சாறு மட்டும் இருந்தது. நெர்மீன் மெதுவாக என் காதில், "மாமா, அவங்க ஊர்ல ஒருத்தர் குடுத்தா அது குடுத்ததுதான். வேணும்னா வாங்கிப்பாங்க, வேண்டாம்னா வேண்டாம்பாங்க. பாத்துப் பேசுங்க" என்றாள். பார்த்துப் பேசுவதா? வாய் பழகிய பழக்கத்தை இந்த வயதில் எங்கே கொண்டுபோய் மாற்றுவது?

இறங்கியதும் அடுத்த இடி. வெயிலுக்காக நெர்மீன் கொடுத்த அகலத் தொப்பியை மாட்டியிருந்தேன். ஒட்டகக்காரன் ஒருவன் ஓடி வந்து ஏதோ அந்நிய மொழியில் என்னைக் கும்பிட்டு வரவேற்கிறான்! "போய்யா அந்தப் பக்கம், நான் ஃபைஸல் தெரு" என்றேன். அவன் அசந்துபோய், "அடேங்கப்பா, அரபி அட்டகாசமா பேசறீங்களே பாஷா! எங்க கத்துக்கிட்டீங்க?" என்றான். "கிஸா ஸ்டேஷன்லடா!" என்று கத்தினேன். அவன் ஒட்டகத்தை விட்டுவிட்டு இரண்டு அடி பின்னால் போய், "இந்தக் குரல்... யோவ், அந்த மைக்குக்காரரா நீங்க? வண்டி வருது வருதுன்னு சொல்லி, கடைசி நிமிஷத்துல பிளாட்பாரத்த மாத்துவீங்களே! உங்களாலதான்யா எங்க மாமா அஸ்யூத் வண்டிய விட்டாரு, கல்யாணமே நின்னு போச்சு!" என்றான். இதைக் கேட்டு இன்ஸாஃப் ஒட்டகத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கணவன் அவமானப்படும்போது மனைவி சிரிப்பது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

அந்தக் கலக்கத்தில் என் கையிலிருந்த தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். என் தகப்பனார் வைத்திருந்த அம்பர் மணி, தாங்களும் பார்த்திருக்கிறீர்கள். வில்லெமைன் குனிந்து அதைப் பார்த்து, ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொன்னதாக நெர்மீன் சொன்னாள். ஒருவர் நம் பொருளை அழகு என்றால் நாம் என்ன சொல்வோம்? "அது உங்களுடையதுதான், எடுத்துக்கோங்க" என்போம். அவர் ஐயோ வேண்டாம் என்பார், நாம் இல்லை இல்லை என்போம், அவர் வாழ்த்துவார், பொருள் நம் பையில் இருக்கும். வாய் தானாகச் சொல்லிவிட்டது. நெர்மீன் மொழிபெயர்க்காமல் விழுங்கப் பார்த்தாள், ஆனால் என் கை சும்மா இருக்காமல் அதை நீட்டிக்கொண்டிருந்தது. வில்லெமைன் கண் கலங்கி, என்னைக் கட்டிப்பிடித்து, என் தகப்பனார் மணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நட்ட நடு மணலில், சிங்க உடம்பும் மனித முகமுமாக அபுல் ஹோல் சிலை பார்த்துக்கொண்டிருக்க, நான் அனாதையாக நின்றேன்.

பிறகு பெரிய பிரமிடுக்குள்ளே கூட்டிப்போனார்கள். வெளியிலிருந்து பார்க்கும் வரைதான் அது பிரமிடு, உள்ளே போனால் அடுப்பு. குனிந்து, தவழ்ந்து, முன்னால் போகும் பெண்மணியின் முதுகுப்பையில் மூக்கு இடிக்க இடிக்க ஏறினேன். என் உடம்பு தங்களுக்குத் தெரியும். ஓரிடத்தில் நான் அடைத்துக்கொள்ள, மேலேயிருந்து இறங்குகிறவர்கள் ஒரு பக்கம், கீழேயிருந்து ஏறுகிறவர்கள் ஒரு பக்கம். "வழி விடுங்கள், வழி விடுங்கள்" என்று என் ஸ்டேஷன் குரலில் கத்தினேன். அந்தக் குரல் கல்லில் மோதி எனக்கே திரும்பி வந்து என்னைப் பயமுறுத்தியது. ஒருவழியாக மேலே மன்னர் அறைக்குப் போனால் அங்கே என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? ஒரு கல்தொட்டி. அதுவும் காலி! நான் திகைத்துப் போய் நெர்மீனிடம், "இதுக்கா?" என்று கேட்டேன். அப்போது அந்தப் பத்தொன்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு மெல்லிய குரலில் பாட ஆரம்பித்தார்கள். அறை முழுக்க ரீங்காரம். பக்கத்தில் பார்க்கிறேன், தங்கள் தங்கை அந்தக் கல்தொட்டி மேல் கையை வைத்துக்கொண்டு அழுகிறாள்.

"என்ன ஆச்சு? மூச்சு முட்டுதா?" என்றேன்.

"இவ்வளவு பக்கத்துல இருந்திருக்கு," என்றாள். "தினம் துணி காயப்போடும்போது பாக்கறேன். கல்யாணமான முதல் வாரம் நீங்க கேட்டீங்க, பிரமிடு பாக்கப் போலாமான்னு. புதுப்பொண்ணு, உடனே சரின்னா என்ன நெனப்பீங்களோன்னு வேண்டாம்னேன். மறுபடி கேட்டீங்க. மறுபடியும் வேண்டாம்னேன். அதுக்கப்புறம் முப்பத்திநாலு வருஷமா நீங்க மூணாவது தடவ கேக்கவே இல்ல, அபூ ஹுஸாம்."

மகன் பெயரைச் சொல்லி அவள் என்னை அப்படிக் கூப்பிட்டால் விஷயம் பெரியது என்று அர்த்தம். எனக்கோ அப்படிக் கேட்டதாகவே ஞாபகமில்லை. கேட்டிருந்தாலும், வேண்டாம் என்றவள் அவள்தானே? இதில் என் பிழை எங்கே வந்தது, தாங்களே சொல்லுங்கள்! ஆனால் அந்தப் பெண்மணிகள் பாட்டை நிறுத்திவிட்டு ஏன் அழுகிறாள் என்று கேட்க, நெர்மீன் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துவிட்டாள். வடையை வாங்காதே என்று சொல்ல வராத மொழிபெயர்ப்பு இதற்கு மட்டும் எப்படித்தான் வந்ததோ. பத்தொன்பது தலையும் என் பக்கம் திரும்பின. அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்க ஏதாவது சொல்லியாக வேண்டும். "எல்லாரும் சாயங்காலம் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரணும்! நம்ம வீடு உங்க வீடு!" என்றேன்.

நெர்மீன் சொல்லி முடிப்பதற்குள் "யா!" என்றார்கள். ஒரே குரலில். கல்லெல்லாம் எதிரொலித்தது.

எனக்குத் தலை சுற்றியது. ஆனால் இன்ஸாஃப் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டிரைவரயும் சேத்து இருபத்தொண்ணா, இருபத்திரெண்டா?" என்று நெர்மீனிடம் கணக்குக் கேட்கிறாள்! வந்தார்கள், மைத்துனரே. வாசலில் செருப்புகள் மூன்றாம் மாடி வரை இறங்கின. கீழே காபிக் கடையிலிருந்து நாற்காலிகளை நானே சுமந்து ஏற்றினேன். மொட்டை மாடியில் வளர்ந்த வாத்துகள் அத்தனையும் அன்று போய்ச் சேர்ந்தன. பெருநாளுக்குத் தங்களுக்கென்று வளர்த்தவை என்பதை மன வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். வில்லெமைன் எங்கள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டுகிறாள், இன்ஸாஃப் அவள் கையில் ஒரு தட்டு தட்டி, "இது என்னடி, தலகாணி மாதிரி! சுருட்டு மாதிரி இருக்கணும்" என்கிறாள், இவள் சொல்வது அவளுக்குப் புரியாது, அவள் சொல்வது இவளுக்குப் புரியாது, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். முலூகியா கீரைக் குழம்பை இரண்டாம் முறை போட்டுக்கொள்ள யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை, அவர்களே கரண்டியை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒவ்வொரு கரண்டிக்கும் ஓர் அதிர்ச்சி. இன்ஸாஃப் அவ்வளவு சிரித்து நான் பார்த்து எத்தனை வருடமாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

அவர்கள் போன பிறகு நான் பொறுக்க முடியாமல், "ஏம்மா, உனக்கு மறுக்கவே தெரியாதா? மானம் மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?" என்று கேட்டேன். "மறுத்து மறுத்து நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள். மறுநாள் காலையில் பச்சைப் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். "நான் போய்ட்டு வரேன்." நானும் விட்டுக்கொடுக்காமல், "தாராளமா போ. எத்தன நாள் வேணும்னாலும் இரு" என்றேன். இது மரியாதைக்குச் சொன்னது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவள் "சரி" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். தாங்கள் பெரியவர், ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். நான் கோபமாக இல்லை என்றும், வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது என்றும் சொல்லுங்கள். இனி என் வாயால் யாரையும் எதற்கும் கூப்பிடுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். அக்காவுக்கு என் ஸலாம், பேரப்பிள்ளைகளின் நெற்றியில் என் முத்தங்கள், தங்கள் முழங்காலுக்கு என் துஆ. பெருநாளுக்குத் தாங்கள் குடும்பத்தோடு வந்து ஒரு மாதமாவது இங்கே தங்க வேண்டும். தாங்கள் நம்மவர், புரிந்துகொள்வீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மைத்துனன்
ரிஃபாத்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் போன் வந்தது, படத்தோடு பேசுகிற அழைப்பு. இன்ஸாஃப் தங்கள் வீட்டில் இல்லை. லக்ஸரில் இருக்கிறாள்! நைல் நதியில் படகில்! அந்த விருந்தன்று நான் நாற்காலி தூக்கப் போயிருந்தபோது, எங்களோடு வருகிறாயா என்று வில்லெமைன் நெர்மீன் மூலம் ஒரே ஒரு தடவை கேட்டாளாம், இவள் உடனே சரி என்றாளாம். முப்பது வருடம் நான் அறிவித்த அதே வண்டியில் ஏறிப் போயிருக்கிறாள். என் தகப்பனார் மணி இப்போது இன்ஸாஃப் கையில் இருக்கிறது. அழகாக இருக்கிறது என்றாளாம், வில்லெமைன் கழற்றிக் கொடுத்தாளாம், இவள் வாங்கிக்கொண்டாளாம். நதியும் வெயிலும் பின்னால் தெரிய, இன்ஸாஃப் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வில்லெமைன், வழிகாட்டியாகக் கூடவே போயிருக்கும் நெர்மீனை விட்டு, "மாமா, இன்னொரு இடம் இருக்காம், நீங்களும் வரீங்களா?" என்று கேட்க வைத்தாள். நான் முறைப்படி வேண்டாம்மா, எதற்குச் சிரமம் என்றேன். மறுபடி கேட்டார்கள். கையை நெஞ்சில் வைத்து, வேண்டாம் என்றேன். மூன்றாம் தடவைக்காகப் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வில்லெமைன் சரி என்று கையசைத்தாள், படம் அணைந்துவிட்டது.

மைத்துனரே, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். அவளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். தாங்கள் அழைத்தால் அவள் போனை எடுப்பாள். இன்னும் ஒரே ஒரு தடவை என்னைக் கேட்கச் சொல்லுங்கள். பெட்டி கட்டியாகிவிட்டது, லக்ஸர் வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்பதும் எனக்குத் தெரியும்.