வாளியில் ஊறிய கார் மூளை

பாதுகாப்பு வகுப்பு எடுப்பவனை வீட்டில் வைத்துக்கொள்வதைப் போல ஆபத்து வேறில்லை. நான் எம். புதுப்பட்டி என்ற ஊரில் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். சந்தேகமாக இருக்கும் எதையும் யோசிக்காமல் தண்ணீர் வாளியில் போட வேண்டும் என்று, தீபாவளிக்குத் தீபாவளி என் மனைவி செல்விக்கும் பயிற்சி கொடுத்திருந்தேன்.

மைத்துனிக்கு மறுநாள் விருதுநகரில் நிச்சயதார்த்தம். மாமனார் குடும்பத்தை என் காரில் அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். கார் மக்கர் செய்தது.

"இன்ஜினை ஆட்டி வைக்கிற கம்ப்யூட்டர் பெட்டிய மட்டும் கழட்டிக் கொண்டாங்க அண்ணாச்சி. சாயங்காலத்துக்குள்ள பாத்துத் தாரேன்" என்றார் மெக்கானிக்.

நான் கழற்றிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கம்பெனி விதிப்படி பருத்தி வேட்டி, வெறுங்கால். பேட்டரி ஒயரைப் பிரித்துவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தேன். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க, கம்பெனி வாசலில் செம்புத் தகட்டைத் தொடுவது போலக் காரின் இரும்பைத் தொட்டுக்கொண்டேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். (எதற்கு என்று கேட்காதீர்கள். வாளி இல்லாமல் எனக்குக் கை ஓடாது.)

பெட்டி அலுங்காமல் வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். உள்ளே என்னதான் இருக்கிறது என்று மூடியையும் கழற்றிப் பார்த்துவிட்டு, வெயிலில் சிமெண்டுத் தரையில் வைத்தேன்.

"செல்வி, தொட்டுறாத. உள்ள கரண்டு தங்கியிருக்கும்."

"வெடி மருந்து மாதிரியா?"

"அதவிட மோசம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, பெட்டியைச் சுற்றத் துணி தேடி உள்ளே போனேன். திரும்பி வந்தால் பெட்டியைக் காணோம்.

"கிட்டப் போனா அனலா அடிக்கி. வெடிச்சிரும்னு வாளிக்குள்ள போட்டுட்டேன்" என்றாள் செல்வி. "கையால தொடல. இடுக்கியாலதான் எடுத்தேன். நீங்கதான அப்படிச் சொல்லுவீக?"

பெட்டி வாளிக்குள் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. எப்படித் திட்டுவது? நான் நடத்திய பாடத்தை இத்தனை ஒழுங்காகக் கேட்டவர் கம்பெனியில்கூட யாரும் இல்லை.

"கழட்டச் சொன்னனா, குளிப்பாட்டச் சொன்னனா?" என்றார் மெக்கானிக், சொட்டச் சொட்ட நான் நீட்டிய பெட்டியைப் பார்த்து. இனி அது தேறாதாம்.

முகூர்த்த நாள் என்பதால் வாடகைக் கார் ஒன்றும் கிடைக்கவில்லை. பட்டாசு லோடு ஏற்றும் எங்கள் கம்பெனி வேனில்தான் பட்டுச்சேலைகளும் தாம்பாளங்களும் போய் இறங்கின. நல்ல நேரம் தப்பவில்லை. மானம்தான் வழியில் எங்கோ இறங்கிவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா வேனைப் பார்த்து முகம் மலர்ந்தார். "இம்புட்டுப் பட்டாசா? எங்கன இறக்கச் சொல்லட்டும் சம்பந்தி?" என்று என் மாமனாரைக் கேட்டார்.

பின்கதவைத் திறந்தோம். என் மாமியார் இறங்கினார்.

அந்த மாப்பிள்ளை இப்போது என் சகலை. நான் திருப்புளியைக் கையில் எடுத்தாலே "வாளி வந்தாச்சா அண்ணே?" என்று கேட்பார். போன வாரம் மிக்ஸியைப் பிரித்தேன். செல்வி ஒரு வாளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அதில் தண்ணீர் நிறைய இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.