அண்ணி அணைத்த அடுப்பு

இருபதாம் தேதி

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பியின் மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். அந்த வரியை எழுதலாமா வேண்டாமா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் நாலு தரம் "சரிங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். கல்யாணமான ஆறு வருஷமாக அதுதான் நடக்கிறது. காகிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. தாளில் அங்கங்கே ஈரக் கறை இருக்கும். அழுதுகொண்டே எழுதினேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

விஷயம் மக்காச்சோளம். இரண்டு மாதத்துக்கு முன் பத்து நாள் எங்களோடு தங்க வந்தீர்கள். கூடவே ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சோளக்கதிர். சந்தோஷமாக வாங்கித் தோலுரித்து, பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பில் ஏற்றினேன். நீங்கள் உள்ளே வந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அடுப்பை அணைத்தீர்கள். "சோளத்துக்குத் தீ காட்டாதேம்மா, சத்தெல்லாம் தண்ணியோட போயிடும். பச்சையாக் கடி" என்றீர்கள். என் வீடு, என் அடுப்பு, அண்ணி. பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டுப் பழகிய பி.டி. டீச்சர் நீங்கள், விசில் ஊதாததுதான் குறை. நான் வேதியியல் படித்தவள். கொதிநீரில் எந்தச் சத்து போகும், எது போகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் வாய் திறந்தேனா? "சரிங்க அண்ணி" என்றேன்.

வேறு நேரமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். குட்டியின் எடை அட்டையில் மூன்று தடவையாகக் கோடு படுத்தே கிடந்தது. நாலு வயசுப் பிள்ளைக்கு இது போதாது, பத்தொன்பதாம் தேதி கூட்டி வாருங்கள், அப்போதும் ஏறவில்லை என்றால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பரிசோதனைக்கூடத்தில் தினமும் நாற்பது பேர் கையில் ஊசி குத்துகிறவள் நான். அடுத்த வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று ஏமாற்றுகிறவள். என் பிள்ளையின் குச்சிக் கையை இன்னொருத்தி பிடித்து நரம்பு தேடுவதை நினைக்கவே முடியவில்லை. ஒவ்வொரு வாயாக எண்ணி ஊட்டிக்கொண்டிருந்தேன். கிண்ணத்தோடு ஹாலிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து கட்டிலடி என்று துரத்தல். இந்த லட்சணத்தில்தான் நீங்கள் பச்சைச் சோளத்தைப் பிரசாரம் செய்துவிட்டு பஸ் ஏறினீர்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் வாரம் ஒரு பெட்டி பஸ்ஸில் போட்டுவிடவும் ஆரம்பித்தீர்கள்.

உங்கள் தம்பி இருக்கிறாரே, நான் சொன்னால் கீரையைத் தொடமாட்டார், அக்கா சொன்னால் கூழாங்கல்லையும் மெல்லுவார். காலை ஆறு மணிக்கு ஒரு கதிர், ஆபீஸுக்குக் கிளம்பும்போது ஒரு கதிர், நறுக் நறுக் என்று. நாலாம் நாள் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, உங்கள் வீட்டில் எலி நடமாட்டம் இருக்கிறது, சத்தத்தைப் பார்த்தால் பெரிய எலி, பொறி வேண்டுமானால் தருகிறேன் என்று மரியாதையாகச் சொன்னார். அந்த எலி எனக்குப் பின்னால் நின்று டை கட்டிக்கொண்டிருந்தது. அதே வாரம் சிங்க் அடைத்துக்கொண்டது. பிளம்பர் வந்து குழாயைக் கழற்றி, கதிரின் நார் அத்தனையையும் சவுரி மாதிரி நீளமாக உருவி எடுத்தார். என் தலையை ஒரு பார்வை பார்த்து, "கவலப்படாதீங்க மேடம், என் சம்சாரத்துக்கும் பிரசவத்துக்கு அப்புறம் இப்படித்தான் கொட்டுச்சு" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அடுத்தது பல். உங்கள் தம்பியின் கடைவாய்ப் பல்லுக்குப் போட்டிருந்த உறை கழன்று, ஆபீஸ் டப்பாவுக்காக உதிர்த்து வைத்திருந்த முத்துக் குவியலுக்குள் விழுந்தது. அதுவும் வெள்ளைச் சோளம். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு முத்தாகப் பொறுக்கினோம். சந்தேகப்பட்டதை எல்லாம் அவர் கண்ணாடி முன் கொண்டுபோய்ப் பல்லில் வைத்து வைத்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. விழுங்கியிருப்பேனோ என்றார். ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் என்று அந்தத் தேடலும் என் தலையில் விழுந்துவிடப் போகிறதே என்று இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் திரிந்தேன். உறை வரவில்லையாம். முத்து மட்டும் போனது போலவே முழுசாக வருகிறதாம். அப்போ சத்து எங்கே ஏறிச்சு அண்ணி?

இது போதாதென்று ஒரு சாயங்காலம் குட்டி மூக்கால் பேச ஆரம்பித்தாள். டார்ச் அடித்துப் பார்த்தால் வலது மூக்கில் வெள்ளையாக ஒரு சோள முத்து. ஓடினேன். டாக்டர் சின்ன இடுக்கியால் எடுத்துவிட்டு, எதற்கும்மா இதை உள்ளே போட்டாய் என்று கேட்டார். "அத்தைதான் சொன்னாங்க, உடம்பு முழுக்க சத்து வேணுமாம். மூக்குக்கு யாருமே குடுக்கல" என்றாள். அறை முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

ஆனால் என் கோபம் இதற்கெல்லாம் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் துணி உலர்த்திவிட்டு உள்ளே வருகிறேன், பிள்ளையைக் காணோம். தேடினால், கதவுக்குப் பின்னால் செருப்பு அலமாரியை ஒட்டி உட்கார்ந்து, ஒரு கதிரை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துக்கொண்டிருக்கிறாள். கதை கிடையாது, போன் கிடையாது, கெஞ்சல் கிடையாது. தாடை முழுக்கச் சோளப்பால். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அம்மா பிடிச்சுக்கட்டுமா என்றேன். "இது நானே திங்கறது. நீ போ" என்றாள்.

நீ போ. நாலு வருஷமா அவிச்சு, மசிச்சு, வடிகட்டி, ஊதி ஊதி ஆறவெச்சு, ஒரு வாய்க்கு ஒரு கதைன்னு சொல்லி ஊட்டினதை எல்லாம் என் தோளிலேயே துப்பினவ, அடுப்பைப் பார்க்காத ஒண்ணை உட்கார்ந்து ருசிச்சுத் திங்கறா. நீங்க ஒரு தடவை அடுப்பை அணைச்சீங்க, முடிஞ்சு போச்சு. அப்போ நான் எதுக்கு அண்ணி இந்த வீட்ல? அன்றைக்கே ரோஷத்தில் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். தின்றால் தின், தின்னாவிட்டால் போ என்று தட்டைத் தரையில் வைத்துவிட்டு நான் பாட்டுக்கு அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன். பிள்ளையை அப்படி விடும்படி என்னை ஆக்கியது நீங்கள்தான்.

ஆகவே இனிமேல் அட்டைப்பெட்டி எதுவும் வரவேண்டாம். உங்கள் தம்பிக்கு நீங்களே போன் செய்து வேகவைத்ததும் உணவுதான் என்று சொல்லிவிடுங்கள், என் வாய்க்கு அந்த மரியாதை இல்லை. பெரியவர்களின் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும், யோசனை வேண்டியதில்லை. அண்ணனுக்கு என் வணக்கம். அவருடைய பற்கள் சௌக்கியமா?

இப்படிக்கு,
கோபத்தில் இருந்தாலும் மரியாதை குறையாத,
உங்கள் தம்பி மனைவி

பி.கு: மேலே தேதியைக் கவனித்திருப்பீர்கள். பத்தொன்பது நேற்றே போய்விட்டது. எடை அறுநூறு கிராம் ஏறியிருக்கிறது. ஊசி இல்லை. என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். சோளம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். "சோளம் ஒரு மந்திரமும் பண்ணலம்மா. கிண்ணத்தத் தூக்கிட்டு பின்னாலயே ஓடறத நிறுத்திட்டீங்களா?" என்றார். இப்போது முட்டை, காய், பழம் எல்லாமே "நானே, நீ போ" தான். ஆகவே இங்கு யாவரும் நலம்.

இன்னொன்று. தாளில் இருக்கும் கறை கண்ணீர் இல்லை. பிள்ளை தூங்கின பிறகு எழுத உட்கார்ந்தேன், கை சும்மா இருக்கவில்லை, இது மூன்றாவது கதிர். பெட்டி காலி. அடுத்த மாதம் வரும்போது ஒரு பெட்டி கொண்டுவாருங்கள். அடுப்பை மட்டும் தொடாதீர்கள் அண்ணி. இந்தத் தடவை நானே அணைக்கிறேன்.