வாசலில் கிடந்த செருப்புகள்

தையல் ஹால் வாசலைப் பார்த்ததும் சூப்பர்வைசர் கன்னியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். பெண்கள் அத்தனை பேரும் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா இது, கல்யாண வீடா? செருப்பைப் போட்டுக்கினு சேர்ல உக்காருங்க!"

"முட்டி நடுவுல புடிச்சாத்தாண்ணே தையல் நிக்கும். நீங்க வேற பேஜார் பண்ணாதீங்க" என்றார் சுகரா பேகம்.

இவர்கள் யாரும் கம்பெனி ஆட்கள் இல்லை. ஆம்பூரைச் சுற்றி அவரவர் வீட்டில் தைத்துக் கொடுப்பவர்கள். ஆட்களை அடிமை மாதிரி வைத்து வேலை வாங்குகிறார்களா என்று பார்க்க, ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு மேடத்தை அனுப்பியிருந்தார்கள். கைத்தையல் போடுவது யார் என்று கேட்டால் ஆள் காட்ட வேண்டுமே!

"வீட்டுத் தையல்னு தெரிஞ்சா ஆர்டர் போச்சு, நீயும் போய்டுவே" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதனால்தான் கன்னியப்பன் ஷேர் ஆட்டோ பிடித்து எல்லோரையும் கூட்டிவந்து நீலக் கோட்டு மாட்டிவிட்டார். அவர்களில் அவர் மனைவி சுந்தரியும் ஒருத்தி.

எல்லோரும் செருப்பைப் போட்டுக்கொண்டார்கள். ராஜம்மாள் மட்டும் நின்றாள்.

"உனக்கு இன்னா?"

"நான் செருப்பே போட்டுக்கினு வரலியே."

சாம்பிள் அலமாரியிலிருந்து ஒரு ஜோடி ஷூவை எடுத்து நீட்டினார்.

"அவளுக்கு மட்டும் ஷூவா?" என்றாள் சுந்தரி.

வேறு வழியில்லை. அலமாரி காலியானது. மேடம் வந்தபோது புடவைக்குக் கீழே பளபளவென்று ஆம்பளை ஷூ வரிசையாக இருந்தது.

"எல்லாருக்கும் ஷூவா?" என்று மேடம் தமிழிலேயே கேட்டார்.

"கம்பெனி குடுத்ததுங்க மேடம்" என்றார் கன்னியப்பன்.

மேடம் முகம் மலர்ந்தது. "டாய்லெட் எங்கம்மா?" என்று சுகரா பேகத்தைக் கேட்டார். கம்பெனிக்குள் அன்றுதான் கால் வைத்த சுகரா பேகம் குத்துமதிப்பாக மேனேஜர் அறையைக் காட்டினார்.

"மேனேஜர் அவரோட டாய்லெட்டையே இவங்களுக்கு உட்டுட்டாருங்க" என்று கன்னியப்பன் பாய்ந்து சொன்னார். மேடம் இன்னும் மகிழ்ந்துபோனார்.

கடைசியில் சுந்தரியின் பக்கத்தில் வந்து குனிந்தார். "வீட்ல வச்சுத் தைக்கிறவங்க யாராச்சும் இருக்காங்களா? பயப்படாம சொல்லும்மா."

சுந்தரி கணவனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். ஊசி குத்திக் காய்த்த விரல்களை அவள் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டாள்.

"யாரும் இல்லீங்க."

"நிச்சயமாவா?"

"சாமி சத்தியமா."

மேனேஜரிடம் விடைபெற மேடம் உள்ளே போனார். கன்னியப்பனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வாசலில் சுந்தரி ஷூவைக் கழற்றிவிட்டுத் தன் வார் அறுந்த செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மேடத்தின் காரை ஓட்டி வந்த டிரைவர் தபரேஸுக்குக் கன்னியப்பன் டீ நீட்டினார்.

"இன்னா தபரேஸ், மேடத்துக்கு குஷிதானே?"

தபரேஸ் டீயை ஊதிக் குடித்தான்.

"எங்கண்ணே குஷி? வீட்ல தைக்கிறவங்களுக்கும் கம்பெனி சம்பளம், பி.எஃப். எல்லாம் வாங்கிக் குடுக்கணும்னு ஊர் ஊரா தேடிக்கினு வர்றாங்க, இங்கயும் ஒருத்தருமே இல்லேன்னுட்டீங்களே!"